எட்டு மாத்திரை

காலை ஏழு மணிக்கு எட்டு மாத்திரை.
வெறும் வயிற்றில் கூடாதாம்.
முதலில் கறுப்பு ரொட்டி, பாலாடைக்கட்டி,
பிறகு ஒவ்வொன்றாக விழுங்குகிறான் எவால்ட்,
சுரங்கத்துக்குள் இறங்குமுன்
எண் பொறித்த தகட்டை ஒப்படைத்துவிட்டுப் போவானே,
அதே முகத்தோடு.

முப்பத்தோரு வருஷம் கரி தின்ற நெஞ்சு.
ஸாப்ஷேயில் யார் இருமினாலும் கரிதான்.
நாங்களும் அப்படியே முடிவு கட்டியிருந்தோம்.
டாக்டர் யாகோடா திரையில் படத்தைப் பெரிதாக்கி
"வீட்டில் பறவை உண்டா?" என்றாள்.
மொட்டைமாடியில் அறுபத்திரண்டு பந்தயப் புறா
என்று சொல்லி முடிக்க
அவனுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

இறகிலிருந்து உதிரும் மாவு.
காய்ந்த எச்சத்தின் பொடி.
அதைப் பகை என்று எண்ணி
நுரையீரல் தன்னையே அடித்துக்கொள்கிறதாம்.
இந்த ஸ்டீராய்டு என்ன செய்யும் என்றேன்.
"சண்டையை நிறுத்திவைக்கும்.
சண்டைக்குக் காரணத்தை
நீங்கள்தான் வெளியேற்றணும்."

முதல் வாரம்
அதிசயம் என்றுதான் சொல்லணும்.
தண்டவாளம் தாண்டித் தேவாலயம்வரை
நடுவில் நிற்காமல் நடந்தான்.
வந்து, நடுவில் குழிவைத்த
உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பதினாறு தின்றான்.
இரவு இரண்டு மணிக்கு எழுந்து
சமையலறைக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டான்.
மூன்று மணிக்கு என்னை எழுப்பி
எண்பத்தேழில் நான் சொன்ன ஒரு சொல்லுக்காகச் சண்டை.
நாலு மணிக்கு அதே சொல்லுக்காக அழுகை.
மருந்து அப்படிச் செய்யும் என்று தாளில் போட்டிருந்தது.
முப்பத்தெட்டு வருஷம் அவன் பேசாததையெல்லாம்
மருந்து பேசியது.
நான் தடுக்கவில்லை.

கன்னம் உப்பியது. கண் இடுங்கியது.
நிலா முகம்: பக்கவிளைவுகளில் அதற்கு அதுதான் பெயர்.
கலியாணத்தன்றுகூட என்னை
யாரும் அப்படிச் சொன்னதில்லை.
சவரம் செய்கையில் கண்ணாடியைப் பார்த்து
"யார் இது, மேயரா?" என்றான்.

இரண்டாம் வாரம்தான் தெரிந்தது.
மூச்சு கிடைத்தவன்
அந்த மூச்சைக் கொண்டே
நாற்பத்தோரு படி ஏறிக்கொண்டிருந்தான்,
நான் கடைக்குப் போன நேரமெல்லாம்.
சட்டைக் காலரில் ஒரு சாம்பல் இறகு.
வேறொருத்தியின் முடியாக இருந்திருந்தால்
இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன்.

விற்றோம்.
ரிப்னிக்கிலிருந்து அலோய்ஸ் வந்தான்,
முப்பது கிலோமீட்டர், பிரம்புக் கூடைகளோடு.
எவால்ட் முற்றத்தில் முகமூடியோடு நின்று
கால்வளைய எண்களை வாசித்தான்.
அவன் எழுதிக்கொண்டான்.
பணத்தை நான் எண்ணினேன்.

யாராவது யோசித்திருக்கணும்.
வீடு திரும்பவென்றே பழக்கியதை
எப்படி விற்பது?
அடுத்த மாதம் அலோய்ஸ் கூண்டைத் திறந்துவிட்ட அன்று
பத்தரைக்கெல்லாம்
ஒன்பது பேர் எங்கள் கூரையில்.
போன் போட்டு, பணத்தைத் திருப்பித் தரவா என்றேன்.
சிரித்தான். நல்ல பறவைகள் என்றான்.

சுத்தியலோடு நானே ஏறினேன்.
பலகை பலகையாகப் பெயர்க்க இரண்டு நாள்.
எனக்கும் முகமூடி.
ஒவ்வொரு ஆணிக்கும் வெள்ளையாய்ப் புகை கிளம்பியது.
கீழே அவன் வானொலியைச் சத்தமாக வைத்திருந்தான்.

இப்போது நாலரை மாத்திரை.
இரண்டு வாரத்துக்கு அரை குறையும்.
சட்டென்று நிறுத்தக்கூடாது;
உடம்பு தானே சுரக்க வேண்டியதை மறந்திருக்குமாம்,
மெல்லத்தான் ஞாபகம் வருமாம்.
வராமலே போனால் என்று நான் கேட்கவில்லை.

கூடில்லாத கூரையை
இன்னும் ஒன்று சுற்றுகிறது, நீலப் பட்டைக்காரி.
மூடிய ஜன்னலுக்கு இந்தப் பக்கம்
விரல் நுனியில் கருவியை மாட்டிக்கொண்டு எவால்ட்.
தொண்ணூற்று மூன்று, என்கிறான்.
பிறகு, என்னிடம் அல்ல,
அதன் வளைய எண்ணை
முழுசாகச் சொல்கிறான்,
ஒரே மூச்சில்.